பாமினியில் சிக்கிய பதினெட்டு வருடம்

கொழிஞ்சாம்பாறையில் நான் கடை போட்டது 2007-ல். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒரு கம்ப்யூட்டர், கடனில் வாங்கிய ஒரு ஜெராக்ஸ் மிஷின். இப்போது கம்ப்யூட்டர் மூன்றாகியிருக்கிறது, அறை அதேதான். போர்டில் மேல் வரி மலையாளம், கீழ் வரி தமிழ். ஊரே அப்படித்தான். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா, இந்தப் பக்கம் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகா. அரசாங்கக் காகிதம் மலையாளத்தில் வரும், மாரியம்மன் பூச்சாட்டு நோட்டீஸ் தமிழில் போகும், கல்யாணப் பத்திரிகை பாதிக்குப் பாதி இரண்டிலும் இருக்கும். என் வீட்டு அடுப்பு எரிவது பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையில்தான். தமிழை இத்தனை வருடமும் அடித்தது பாமினி என்கிற பழைய ஃபான்டில்.

போன வருடம் புரட்டாசி கடைசியில் கம்ப்யூட்டர் திரை முழுக்க ஒரு அறிவிப்பு வந்து நின்றது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது, விண்டோஸ் 11-க்கு மாறுங்கள், உங்கள் கம்ப்யூட்டர் அதற்குத் தகுதியில்லை. மூன்றும் ஒரே மூச்சில். பின்னாடி நின்ற கஸ்டமர் எட்டிப் பார்த்து, "என்னங்ண்ணா, கம்ப்யூட்டருக்குக் காலாவதி ஆயிருச்சாட்ட இருக்குது?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். ராத்திரி வீட்டில் யூட்யூபைத் திறந்தால் எல்லா வீடியோவிலும் சிவப்பு எழுத்து, பெரிய அம்புக்குறி, வாயைப் பிளந்தபடி ஒருத்தர். இன்றைக்கே மாற்றாவிட்டால் நாளைக்கே பேங்க் கணக்கில் பணம் போய்விடும் என்கிற தோரணை.

முடிந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வீடியோக்களில் பாதி இதைத் தெளிவாகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் நிற்காது. திறந்திருக்கிற ஓட்டையை அடைக்க மாதாமாதம் இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் நிற்கும், அவ்வளவுதான். அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் கடையைத் திறக்க முடியாது என்கிற அளவுக்குப் பெரியதும் இல்லை.

இதை நான் அனுபவித்தே தெரிந்துவைத்திருக்க வேண்டும். விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. நான் அப்புறமும் மூன்று வருடம் அதில்தான் ஓட்டினேன். கழுத்தைப் பிடித்தது எப்போது என்றால், 2023 தொடக்கத்தில் குரோம் பிரவுசர் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டபோது. கொஞ்ச நாளில் விண்ணப்பம் போடுகிற தளங்கள் ஒவ்வொன்றாக "உங்கள் பிரவுசர் பழையது" என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்தன. என் மாதிரி கடைக்காரனுக்கு ஒரு விண்டோஸ் உண்மையிலேயே செத்துப்போவது அன்றைக்குத்தான். அப்போதுதான் இரண்டு மிஷினை விண்டோஸ் 10-க்கு மாற்றினேன். மூன்றாவதை மாற்றவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

தேதி நெருங்கியதும் பயம் வந்து, உக்கடம் பஸ் ஏறி காந்திபுரம் போனேன். நான் வழக்கமாகப் போகும் கடை. பையன் என் மிஷின் விவரத்தைக் கேட்டான். ஒன்று நாலாம் தலைமுறை ஐ3, இன்னொன்று லாக்டவுன் முடிந்த கையோடு செகண்ட்ஸில் வாங்கிய ஆறாம் தலைமுறை ஐ5. "ரெண்டுமே லெவன் எடுக்காதுங்ணா" என்றான். சரிதான். விண்டோஸ் 11 கேட்பது டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசஸர். எட்டாம் தலைமுறை வந்ததே 2017-ல்தான். சோதனையைத் தாண்டிப் போட்டுவிடும் குறுக்கு வழி இருக்கிறது, ரூஃபஸ் மாதிரி கருவியில் ஒரு டிக் அடித்தால் போதும். ஆனால் அப்படிப் போட்ட மிஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கல்யாண சீசன் நடுவில் அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

மூன்றையும் மாற்றிப் புதிது போட ஒன்றேகால் லட்சத்துக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கார்த்திகையில் போன் போட்டால் அந்த விலையும் இல்லை, ராம் ஏறிவிட்டது என்றான். முதலில் பையன் கதை விடுகிறான் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் நிஜம். ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி சில்லு மொத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மைக்ரான் நிறுவனம், நம்மைப் போன்றவர்கள் வாங்கும் குரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. எங்கோ ஒருத்தன் ஏ.ஐ.யிடம் கவிதை எழுதச் சொல்லிக் கேட்கிறான், கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ராம் விலை ஏறுகிறது. டெக் செய்திகளில் நம் வீட்டு வாசல்வரை வந்து நிற்கும் செய்தி எது என்று முன்கூட்டித் தெரிவதில்லை.

வழி காட்டியது என் மகள். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். கேரளத்தில் தமிழ் மீடியமா என்று அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இன்னமும் கேட்பார்கள். சித்தூர் தாலுகாவிலும் இடுக்கித் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. "எங்க ஸ்கூல்ல இருக்கறத போட்டாப் போதுமேப்பா" என்றாள், அவ்வளவு சாதாரணமாக. கேரளத்து அரசுப் பள்ளிகளில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001-ல் தொடங்கியது. அதுதான் 2017-ல் கைட் என்கிற அரசு நிறுவனம் ஆனது. லேபில் இருப்பது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் இலவச மென்பொருள். அதில் ஒரு வகையான உபுண்டுவை அடிப்படையாக வைத்து அவர்களே கட்டியது. பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி. பிராக்டிகல் எழுதுவதே அதில்தான். என் மகளுக்கு லினக்ஸ் என்பது ஒரு கொள்கையோ வீம்போ இல்லை, ஸ்கூல் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். வீட்டில் விண்டோஸைத் தொட்டால்தான் "இது என்னப்பா இங்க இருக்குது?" என்று தடுமாறுவாள்.

பொள்ளாச்சி பக்கம் இருக்கிற என் அக்கா மகனுக்குத் தமிழ்நாட்டு அரசு லேப்டாப் கிடைத்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் தந்தார்கள், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்தது. அவன் அதை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, பரீட்சையிலும் கேட்கவில்லை. ஒரே பாட்டிக்குப் பேரனும் பேத்தியும். நடுவில் ஒரு செக்போஸ்ட். இலவசமாகக் கொடுப்பதற்கும் பாடமாக வைப்பதற்கும் உள்ள தூரம் இவ்வளவு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஸ்கூல் மாதிரியே உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றினோம். இதில் ஒரு நல்ல வசதி, இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்து மாறாது. ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு, அப்பனும் மகளும் ஒவ்வொரு மிஷினாகப் போட்டுப் பார்த்தோம். நான் ஒரு பழைய கணக்கு நோட்டில் மிஷின்வாரியாக, அதில் நான் தினம் செய்யும் வேலைகளை எழுதினேன். இந்த நோட்டை எந்த வீடியோவும் எழுதச் சொல்லவில்லை, ஆனால் முழு விஷயமும் இதில்தான் இருந்தது. ஸ்கேன் செய்வது, போட்டோவை இத்தனை கே.பி.க்குள் சுருக்குவது, ஆன்லைன் விண்ணப்பம், பி.டி.எஃப். சேர்ப்பது, வாட்ஸ்ஆப்பில் வந்ததைப் பிரிண்ட் எடுப்பது. இவையெல்லாம் லினக்ஸில் ஒரு குறையும் இல்லாமல் நடந்தன. நாலாம் தலைமுறை ஐ3-யில் விண்டோஸ் 10 திறப்பதற்குள் நான் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டு உபுண்டுவை இன்ஸ்டால் செய்ததும் டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் தயாராக நின்றது. அதில் லினக்ஸுக்குப் பாதிப் பெருமை, எஸ்.எஸ்.டி.க்குப் பாதி. பழைய மிஷின் வைத்திருப்பவர் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் அந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிடலாம்.

நடக்காததும் இருந்தது. கடையில் இருக்கிற லேசர் பிரிண்டர் விளக்கை மட்டும் மினுக்கியது, காகிதத்தை இழுக்கவில்லை. என்னிடம் இருந்த விரல்ரேகைக் கருவிக்கு விண்டோஸில் மட்டுமே டிரைவர். வரிக்கணக்குப் பார்க்கும் நண்பர் சாயங்காலம் வந்து என் கடையில் உட்கார்ந்து டிஜிட்டல் கையெழுத்து போடுவார், அதற்கு அவர் கொண்டுவரும் யு.எஸ்.பி. டோக்கனும் அப்படித்தான். ஒரு வாரம் இதோடு மல்லுக்கட்டிவிட்டு விட்டுவிட்டேன். ஐ5 மிஷின் விண்டோஸ் 10-லேயே இருக்கட்டும், பிரிண்டரும் கருவியும் டோக்கனும் அதிலேயே ஓடட்டும், மற்றதிலிருந்து பி.டி.எஃப். மட்டும் நெட்வொர்க் வழியாக அதற்குப் போகட்டும் என்று வைத்தேன். அந்த ஒரு மிஷினுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பெயர் கொடுத்தேன். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அவர்களிடம் சேமித்துவைக்க ஒப்புக்கொண்டால் காசில்லை. அது வேண்டாமென்றால் 30 டாலர், அல்லது ரிவார்ட்ஸ் புள்ளி 1000. அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும். மிஷினில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், அதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் என்பது பெரிய அவகாசம் இல்லை, ஆனால் ஒரு கல்யாண சீசனைத் தாண்டிவிடலாம்.

இவ்வளவும் சமாளித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தபோதுதான் மூன்றாவது மிஷின் சத்தம் போட ஆரம்பித்தது.

அது கோர் டூ டுவோ. விண்டோஸ் 7. நெட் வயரைப் பிடுங்கி மூன்று வருடம் ஆகிறது. அதில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7 மட்டும்தான். அடோபி அந்தப் பதிப்பை வெளியிட்டது 2001-ல், அதற்கப்புறம் பேஜ்மேக்கரே வரவில்லை. வெளியூர் ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் எங்கள் தொழிலில் இன்றைக்கும் எத்தனையோ கடைகளில் பத்திரிகை அடிப்பது அதில்தான். கை பழகிவிட்டது. என்னுடைய காப்பி எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். நான் அடித்த பத்திரிகை, நோட்டீஸ், கருமாதிக் கார்டு, ஸ்கூல் கேள்வித்தாள் எல்லாம் அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கில். நாலாயிரம் ஃபைல் இருக்கும். நெட் இல்லாத மிஷினுக்கு வைரஸ் பயமில்லை, அப்டேட் பயமில்லை, ஆகவே ஒரு பயமும் இல்லை என்று நினைத்திருந்தேன். அக்டோபர் முழுக்க மற்ற இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தவன் இதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் டக், டக், டக் என்று சத்தம். திரை உறைந்துவிட்டது. ஆஃப் செய்து ஆன் செய்தேன். மறுபடி டக்.

ஹார்ட் டிஸ்க்கில் அந்தச் சத்தம் கேட்டால் செய்ய வேண்டிய முதல் காரியம் மிஷினை ஆஃப் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது. நான் செய்தது நேர்மாறு, நாலு தடவை ஆன் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதம் கூடியிருக்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் இருந்தது. எப்போது எடுத்தது என்று பார்த்தால் 2021.

டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிள் வழியாக உபுண்டு மிஷினில் செருகி, டி.டி.ரெஸ்க்யூ என்கிற இலவச நிரலை ஓட்டினோம். அது புத்திசாலி நிரல். முதலில் சுலபமாகப் படிக்கிற இடங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு, மோசமான இடங்களைக் கடைசியில் வந்து ஒட்டிப் பிடித்து நிற்கும். எங்கே விட்டோம் என்பதை ஒரு குறிப்பு ஃபைலில் எழுதிக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டு ராத்திரி ஒரு பகல் ஓடியது. நூற்றுச் சில்லறை ஃபைல் போய்விட்டது, மீதி வந்தது. நான் சாமி கும்பிடுகிறவன், மேலே எழுதிய அந்த ஐ.டி. அட் ஸ்கூலுக்கும் சேர்த்து அன்றைக்குக் கும்பிட்டுக்கொண்டேன்.

ஃபைல் வந்துவிட்டது. திறக்கத்தான் இடமில்லை. பேஜ்மேக்கர் ஓடிய மிஷின் பிணம் மாதிரி மேஜையடியில் கிடக்கிறது. அப்போது மகள் லிப்ரே ஆஃபீஸ் என்கிற இலவச ஆஃபீஸ் தொகுப்பில், டிரா என்கிற பகுதியில் ஒரு ஃபைலைப் பிடித்துப் போட்டாள், திறந்துகொண்டது. நான் நம்பவில்லை. 2015-லிருந்தே லிப்ரே ஆஃபீஸ் பேஜ்மேக்கர் ஃபைலைப் படிக்கும் என்பது பத்து வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. பிள்ளையார் படம் காணோம், கட்டம் எல்லாம் இடம் நகர்ந்திருந்தது, ஆனால் எழுத்து முழுக்க இருந்தது. ஒரே சங்கடம், அது தமிழாக இல்லை. ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளி.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாமினி என்பது பழைய தமிழ் ஃபான்ட். அதில் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் கம்ப்யூட்டர் ஆங்கில எழுத்தாகத்தான் வைத்துக்கொள்கிறது. ஃபான்ட் அந்த ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் திரையில் "தமிழ்" என்று தெரியும். வேஷத்தைக் கலைத்தால் ஆங்கிலக் கிறுக்கல். எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோடு முறையில் அப்படியில்லை, தமிழ் எழுத்துக்கென்றே தனி எண் இருக்கிறது. அது 1991-ல் முதல் பதிப்பிலிருந்தே உண்டு. 1999 தமிழ்நெட் மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை, 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் யுனிகோடுக்கு மாறச்சொல்லித் தமிழ்நாட்டு அரசாணை, எல்லாம் வந்து போயின. நான் கொழிஞ்சாம்பாறையில் பாமினியிலேயே உட்கார்ந்திருந்தேன். காரணம் விரல். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் "யளனக" என்று அடித்துப் பழகிய விரல். பாமினி அந்த டைப்ரைட்டர் வரிசையிலேயே இருக்கிறது. தமிழ்99-ல் உட்கார்ந்தால் நான் எல்.கே.ஜி.

அந்தப் பயமும் தேவையில்லாதது என்று இப்போதுதான் தெரிந்தது. உபுண்டுவில் ஐபஸ் எம்17என் என்கிற பொதியைச் சேர்த்தால் தமிழ்99, ஃபோனெடிக் இவற்றோடு டைப்ரைட்டர் வரிசையும் பட்டியலில் வருகிறது. தட்டுவது பழைய விரல், விழுவது யுனிகோடு. சில எழுத்துகள் இடம் மாறியிருந்தன, பத்து நாள் தடுமாறினேன், அப்புறம் சரியாகிவிட்டது.

பழைய ஃபைலுக்கு இரண்டு வழி. ஒன்று, பாமினி ஃபான்ட் ஃபைலையே லினக்ஸில் கொண்டுபோய்ப் போடுவது. டி.டி.எஃப். ஃபைல் எங்கும் ஓடும். போட்டதும் கிறுக்கல் எல்லாம் தமிழாகிவிட்டது, அவசரத்துக்கு இது போதும். ஒன்றே ஒன்று ஜாக்கிரதை. லிப்ரே ஆஃபீஸில் ஆட்டோகரெக்ட்டை அணைத்துவிடுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் பழக்கம் அதற்கு உண்டு. பாமினியில் சின்ன எம் என்றால் "அ", பெரிய எம் என்றால் "ஆ". "அன்புடையீர்" என்று தட்டினால் "ஆன்புடையீர்" என்று நிற்கும். இந்தக் கூத்து வேர்டிலும் உண்டு, பழைய டி.டி.பி. ஆட்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது வழி, யுனிகோடுக்கு மாற்றிவிடுவது. இதற்கு நிரல்கள் பல இருக்கின்றன. நாங்கள் எடுத்துக்கொண்டது ஓப்பன்-தமிழ் என்கிற பைத்தான் தொகுப்பு. மகளுக்கு ஐ.டி. புத்தகத்தில் பைத்தான் இருக்கிறது. வீட்டுப்பாடத்தில் ஆமை படம் வரைந்துகொண்டிருந்தவள் என் கருமாதிக் கார்டுகளை மாற்றினாள். மாற்றுவது அவ்வளவு எளிதுமில்லை. பாமினியில் "கொ" என்பது கொம்பு, க, கால் என்று பார்வைக்கு எப்படி வருகிறதோ அப்படியே அடுக்கியிருக்கும். யுனிகோடில் முதலில் க, அப்புறம்தான் உயிர்க்குறி. நிரல் இதைத் திருப்பி அடுக்க வேண்டும். அதைச் சரியாகவே செய்தது. நான்தான் கோட்டை விட்டேன்.

கார்த்திகையில் ஒரு பத்திரிகை. பழைய மாதிரியிலிருந்து எடுத்து, மாற்றி, பெயர்களைத் திருத்தி புரூஃப் எடுத்தேன். மாப்பிள்ளை எம்.பி.ஏ. பழைய ஃபைலிலும் ஒரு எம்.பி.ஏ. இருந்ததால் அதைத் தொடவில்லை. அது ஆங்கில எழுத்தில், வேறு ஃபான்டில் இருந்தது. மாற்றும் நிரலுக்கு ஃபான்ட் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். அது அந்த மூன்று எழுத்தையும் பாமினி என்று எண்ணித் தமிழாக்கிவிட்டது. புரூஃபைப் பார்த்த மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஏனுங் தம்பி, ஆ.டீ.யு.ன்னா அது என்ன படிப்புங்? நம்ம பையன் எம்பியேன்னுதானுங் சொன்னான்?"

நல்லவேளை, புரூஃப். சிவகாசிக் கார்டில் அறுநூறு அடித்த பிறகு கேட்டிருந்தால் என் கதை ஆ.டீ.யு.தான். அன்றிலிருந்து ஒரு பழக்கம். மாற்றுவதற்கு முன்னால் ஃபைலில் ஆங்கிலம் இருக்கிற இடங்களையெல்லாம் சிவப்பில் குறித்துவிட்டு, தமிழ்ப் பத்தியை மட்டும் நகலெடுத்து மாற்றுவது. டிகிரி, மண்டபத்தின் பெயர், இமெயில், எல்லாமே பொறிதான். போன் நம்பர் தப்பித்துவிடும், பாமினியில் எண்கள் எண்களாகவே இருக்கின்றன.

மலையாளப் பக்கமும் இதே வியாதிதான். ஐ.எஸ்.எம். என்கிற பழைய மென்பொருள் காலத்து கார்த்திகா, ரேவதி ஃபான்டில் அடித்ததெல்லாம் வேஷம் போட்ட ஆங்கிலம். அதற்கு பய்யன்ஸ் என்று ஒரு மாற்றி இருக்கிறது, ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் செய்தது. அதே குழு தமிழுக்கும் ஒரு ஃபான்ட் செய்து இலவசமாக விட்டிருக்கிறார்கள், பெயர் மீரா இனிமை. இப்போது என் கடையில் இரண்டு மொழிப் பத்திரிகைக்கு மலையாளத்தில் மீரா, தமிழில் மீரா இனிமை. இரண்டும் ஒரே கை எழுதியது போல உட்காருகின்றன. எல்லையில் கடை வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும். பாமினியின் அந்தத் தடித்த அழகு இதில் இல்லை என்று பழைய கஸ்டமர் ஒருத்தர் குறைபட்டுக்கொண்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தலைப்புக்குப் பயன்படும் அலங்கார எழுத்துகள் பழைய ஃபான்டுகளில் கிடைத்த அளவுக்கு யுனிகோடில் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ். இதைச் சில வருடம் முன்னால் ஒரு தடவை முயன்று தலையில் அடித்துக்கொண்டு விட்டிருந்தேன், கொம்பும் எழுத்தும் தனித்தனியாக நிற்கும். 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் தமிழும் மலையாளமும் ஒழுங்காக வருகின்றன. பேஜ்மேக்கர் வேகம் எனக்கு இதில் இன்னும் வரவில்லை. முன்பு இருபது நிமிடத்தில் முடிந்த பத்திரிகைக்கு இப்போது முக்கால் மணி நேரம். இதை மறைத்து லினக்ஸ் புராணம் பாட எனக்கு இஷ்டமில்லை.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். எஸ்.எஸ்.டி. இரண்டு, புது எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று, கேபிள், பென் டிரைவ். ஒன்றேகால் லட்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இரண்டாவது எஸ்.எஸ்.டி. அந்த கோர் டூ டுவோவுக்கு. அதிலும் விண்டோஸ் 7-ம் பேஜ்மேக்கரும் திரும்பப் போட்டு, நெட் இல்லாமல், பழைய ஃபைலை அப்படியே பார்க்க மட்டும் வைத்திருக்கிறேன். கஸ்டமர் கொண்டுவரும் பென் டிரைவ் எதுவானாலும் முதலில் உபுண்டு மிஷினில்தான் செருகுவோம். ஃபோல்டரையெல்லாம் ஷார்ட்கட்டாக்கி வைக்கும் அந்த வைரஸ் விண்டோஸுக்காக எழுதினது, உபுண்டுவில் அது வெறும் குப்பை ஃபைலாகக் கிடக்கும், அழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் பேக்கப், டிஸ்க் வீட்டுக்குப் போய்விடும். கடையிலேயே வைத்தால் கடைக்கு ஏதாவது என்றால் இரண்டும் சேர்ந்து போகும்.

யூட்யூபில் இப்போதும் தலைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அடுத்த அக்டோபரில் மறுபடி சிவப்பு எழுத்து வரும் என்று தெரியும். வரட்டும், அப்போது ஐ5 மிஷினுக்கு எதிரே அந்தக் கணக்கு நோட்டைத் திறந்து, பிரிண்டரும் விரல்ரேகைக் கருவியும் என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொள்வேன்.

போன வாரம் எருத்தேம்பதிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பையில் பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு பத்திரிகை. "2011-ல பெரியவளுக்கு நீங்கதானுங் அடிச்சீங்க. சின்னவளுக்கும் இதே மாதிரியே வேணும், ஒரு எழுத்து மாறக்கூடாது" என்றார். ஃபைலைத் தேடினேன். டிஸ்க்கில் தொலைந்த நூற்றுச் சில்லறையில் அது இல்லை, இருந்தது. 2011 வரைக்கும் மாற்றி முடிக்கவில்லை, மகள் கடைசி வருடத்திலிருந்து பின்னோக்கி வருகிறாள், ஃபைலுக்கு மூன்று ரூபாய் கூலி, 2016-ல் நிற்கிறது. நானே உட்கார்ந்து மாற்றினேன். பெரியவள் பெயருக்குக் கீழே பி.ஏ. என்று இருந்த இடத்தில் "டீ.யு." என்று வந்திருந்தது. அழித்துவிட்டு, "சின்னவ என்ன படிச்சிருக்குதுங்க?" என்று கேட்டேன்.